மலையை நடந்து பார்ப்போமே

வானம் தெளிந்த காலையில் தாசேக் கெலுகோர் வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால், பினாங்குத் தீவின் மலைத்தொடர் நீலக் கோடாகத் தெரியும். இவ்வட்டார மாணவர்களில் பலர் அங்குள்ள கொடிமலைக்குச் சென்று வந்தவர்கள்தாம். 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மலை ரயில் இன்று சில நிமிடங்களில் நம்மை மேலே சேர்த்துவிடுகிறது. படம் எடுத்து, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, அடுத்த ரயிலில் இறங்கிவிடுகிறோம். நாம் பார்த்தது உச்சியை மட்டுமே. மலையை இன்னும் பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

நடந்தால் மட்டுமே அறியக்கூடிய மலைகளும் உலகில் உள்ளன. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்சின் ஆட்சியில் உள்ளது ரியூனியன் தீவு. பினாங்கு மலை கருங்கல்லால் ஆனது. ரியூனியனோ எரிமலைக் குழம்பால் உருவானது. அங்கு ஓர் எரிமலை இன்றும் அடிக்கடி வெடிக்கிறது. தீவின் நடுவே 3,000 மீட்டருக்கும் உயர்ந்த சிகரம் ஒன்றும், அதைச் சுற்றிக் கிண்ணம்போல் குடைந்த மூன்று பெரும் பள்ளத்தாக்குகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றான மாஃபாத்துக்கு வாகனச் சாலையே இல்லை. அங்கு வாழும் சில நூறு பேருக்கு வேண்டிய பொருள்கள் ஹெலிகாப்டரில் வருகின்றன. இவ்ரின் போசே என்னும் அஞ்சல்காரர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தச் சரிவுகளில் நடந்தே கடிதங்களைச் சேர்த்தார்.

அங்கே நடப்பவருக்கு வரலாறும் விளங்கும். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. செங்குத்துப் பாறைகளே அவர்களுக்கு அரண். 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருமளவில் கொண்டுவரப்பட்டவர்கள் தமிழர்கள். அவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. தீமிதியை மட்டும் விடவில்லை. கரும்பு கடலோரத்தில், விடுதலை உள்மலையில் என்பதை வரைபடமும் சொல்லும். ஆனால், மூச்சு வாங்க ஏறுபவருக்குத்தான் அங்கே ஒருவரைத் துரத்திப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

மலை ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது தேவை. ஆனால், பதினாறு வயதுக் கால்களுக்கு என்ன குறை? 2021இல் கொடிமலைப் பகுதியை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது உச்சியிலுள்ள கடைகளுக்காக அன்று; சரிவுகளில் உள்ள காட்டுக்காக. 2017 நவம்பர் பெருமழையில் அந்தச் சரிவுகளில் மண் சரிந்து மலைச்சாலை துண்டிக்கப்பட்டது. மரவேர் மண்ணை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதை ரயில் பெட்டியிலிருந்து காண முடியாது. நாளை இந்தச் சரிவில் எதை வெட்டலாம், எதைக் கட்டலாம் என்று முடிவெடுக்கப் போகிறவர்கள் இன்றைய மாணவர்கள். அதனால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறையாவது நடந்து ஏறுங்கள். தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை உண்டு. செங்குத்தானதுதான்; ஆனால் வழி தவறாது. உயரம் கூடக் கூடக் காற்று குளிர்வதையும் மரங்கள் மாறுவதையும் குறிப்பேட்டில் எழுதலாம். விடியலிலேயே புறப்படுவது நல்லது. இறங்கும்போது ரயிலில் வரலாம், முழங்கால் பிழைக்கும். ரயில் வந்து சேருவது ஆயர் ஈத்தாமில். பேருந்து ஓட்டுநரிடம் அங்கே காத்திருக்கும்படி முன்னரே சொல்லிவையுங்கள்.