நிறையா, எடையா?

விண்ணிலே தொழிற்சாலை என்றால் நேற்றுவரை கதையென்று நகைத்திருப்போம். இன்று அது வணிகம். அமெரிக்க நிறுவனமாகிய வார்டா 2023இல் ஏவிய சிறுகலம், புவியைச் சுற்றியவாறே ரிட்டோனவிர் என்னும் மருந்தின் பளிங்குகளை ஆக்கி, 2024 பெப்ரவரியில் யூட்டாப் பாலைநிலத்தில் வந்திறங்கிற்று. மண்ணிலே கரைசல் பளிங்காகும்போது கனத்தது அடியிற் படியும், சூடானது மேலெழும். மாரிவெள்ளம் கலக்கிய மட்டக்களப்பு வாவியில் வண்டல் படிவதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. சுற்றுப்பாதையிலோ படிதலுமில்லை, எழுதலுமில்லை. பளிங்கு குழப்பமின்றி வளரும்.

ஏன் இல்லை? "அங்கே புவியீர்ப்பு இல்லை" என்று மாணவர் எழுதுகின்றனர், பத்திரிகைகளும் எழுதுகின்றன. பிழை. 400 கிலோமீற்றர் உயரத்திலும் நிலத்திலுள்ள ஈர்ப்பிற் பத்தில் ஒன்பது பங்களவு உண்டு. கலமும் அதனுட் பொருளும் ஒருங்கே புவியை நோக்கி வீழ்ந்தவண்ணமே சுற்றுகின்றன. ஆதலின் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. இல்லாதது ஈர்ப்பன்று; உணரப்படும் கனமே.

அக்கனத்துக்கு என்ன பெயர்? இலங்கைப் பாடநூலில் 'நிறை'. பொருளின் அளவோ 'திணிவு'. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'எடை'. 'நிறை' என்பது அங்கே நம் திணிவைக் குறிக்கும்! "கலத்துள் நிறை உணரப்படாது" என்று எழுதும் நம் மாணவன் இங்கே புள்ளி பெறுவான். தூத்துக்குடியில் நகைப்பைப் பெறுவான்.

தூத்துக்குடியை வீணே இழுக்கவில்லை. அம்மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திற் சிறு ரொக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்வது நம் தீவின்மேற் பறவாதிருக்க வளைந்து செல்லவேண்டும், எரிபொருள் வீணாகும், சிறு ரொக்கெட்டுக்கு அது பெருஞ்சுமை. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கு நோக்கலாம். தமிழ் வழங்கும் கரையில் இத்தொழில் வேர்கொள்ளப் போகின்றது.

"பொறியியலாளர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வர், பண்டிதருக்கு ஏன் இந்தக் கவலை?" என்பார் உளர். பொறியியலாளர் பேசட்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை வீழ்தல் என்றால் யாதென்று முதலில் விளங்கிக்கொள்வது தாய்மொழியில் அன்றோ? காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் பண்டிதர், விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1930களிற் சென்னையிலே கலைச்சொல்லாக்கப் பணிக்கு அவரே தலைமை தாங்கினார். இரு கரையும் ஒரே மேசையில் இருந்த காலம் அது.

மீண்டும் இருக்கலாம். நமது 'திணிவு' மயக்கம் தராது. அவர்களது 'எடை'யும் அவ்வாறே. இவ்விரண்டையும் இரு கரைப் பாடநூற் குழுவினரும் ஏற்று, 'நிறை'யை விஞ்ஞானத்திலிருந்து விடுவிக்கட்டும். நெடுங்காலம் 'நிறை' கற்பித்தவன் நான். விட்டுக்கொடுக்க ஆயத்தமாகவே உள்ளேன்.