நமுனுகுலவும் மன்னார்ச் சுண்ணாம்பும்

பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போகிறவர்களின் கண்ணில் நமுனுகுல மலை நின்றுகொண்டே இருக்கும். 2,036 மீற்றர் உயரம். ஊவாத் தோட்டங்களைத் தாங்கும் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அந்த வேக்காடு நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. கவ்வாத்து வெட்டிய மலைக்கு நாம் வீசும் டொலமைட் தூளும் மலைநாட்டில் அப்படி உருமாறிய பளிங்குப் பாறையை அரைத்து எடுத்ததே. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அதில் ஒரு சிப்பித் துண்டு அகப்படாது. இந்தத் தீவில் கடல் உயிர்கள் விட்டுப்போன கணக்கைப் படிக்க மலையிறங்கி யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் என்று நீளும் சுண்ணாம்புக் கல்லுக்குத்தான் போகவேண்டும். தெற்கிலும் ஒரு சிறு மிச்சம் உண்டு: ஊவா மலைகளில் பிறக்கும் மாணிக்க கங்கை கதிர்காமத்தைக் கடந்து யால காட்டுக்குள் போகிறதே, அந்தக் காட்டின் கடலோரத்தில், மினிஹாகல்கந்தவில்.

மன்னார் நமக்குப் புதிய பெயரா? கோப்பிக் காலத்தில் கங்காணியின் பின்னால் வந்த நம் முப்பாட்டன்மார் அங்கே கரையேறி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியோரத்திலேயே கிடந்தார்கள்; அவர்களுக்குக் கல்லறை இல்லை. அந்த நடையின் முதல் நாட்களில் அவர்கள் காலடியில், மண்ணுக்குக் கீழே, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடலின் தரை கிடந்தது.

மயோசீன் என்று பெயர் பெற்ற அந்தக் காலம் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அவ்வளவு நீண்ட காலத்தைப் பகுத்துக் காட்டுபவை ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிர்கள். பெரும்பாலானவை மணலளவுதான், பல இனங்கள் சுண்ணாம்பால் அறை அறையாக ஓடு கட்டிக்கொள்ளும். மென்மையான களிப்பாறையை ஊறவைத்து, நுண்சல்லடையில் கழுவி, காயவைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். கழுவிப் பிரிக்க முடியாத கெட்டிச் சுண்ணாம்புக் கல்லென்றால், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். எந்த அடுக்கில் ஒரு இனம் முதலில் தலைகாட்டுகிறது, எந்த அடுக்கோடு அது காணாமற்போகிறது என்று குறித்துக்கொண்டே போனால் மண்டலங்கள் பிரியும். 1957இல் டிரினிடாட் பாறைகளில் போலி (Bolli) என்ற ஆய்வாளர் வகுத்ததும், 1969இல் புளோ (Blow) என்பவர் எண்ணிட்டு விரித்ததும் இந்த முறையைத்தான். அந்தக் கடலின் பெரிய விலங்குகள் எதுவும் இவ்வளவு நுணுக்கமாகக் காலம் சொன்னதில்லை. கடலெங்கும் மலிந்து, விரைந்து உருமாறிய சிற்றுயிர்களுக்கே அது வாய்த்தது.

பம்பாய்ப் படையில் மருத்துவராக இருந்த கார்ட்டர், மலபார்க் கரைச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு தட்டையான ஓட்டைக் கண்டு 1853இல் விவரித்தார். பின்னாளில் தபெரினா மலபாரிகா என்று வழங்கிய அதே உயிர் யாழ்ப்பாணச் சுண்ணாம்பிலும் இருக்கிறது. மலபார்க் கரையிலுள்ள கொல்லத்தையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே காலத்தில், பர்டிகாலியன் என்னும் கீழ் மயோசீன் பகுதியில், சேர்த்து வைப்பதற்கு அது ஒரு முதன்மைச் சாட்சி. தோணியும் கடவுச்சீட்டும் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே இரு கரையிலும் ஒரே உயிர் குடியிருந்திருக்கிறது. கடல் அதன்பின் விலகியது, திரும்பியது, மறுபடி விலகியது. மலையிலும் 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை ஏறியது. ஒவ்வொரு தலைமுறையும் தன் நெருக்கடிதான் முதல் நெருக்கடி என்று எண்ணுகிறது. அப்படி எண்ணாமலிருப்பது கடினம் என்பதையும் நான் அறிவேன்.

இந்தத் துறையினர் விடாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓரிடத்து அடுக்கில் ஒரு உயிர் காணாமற்போனால் அது அழிந்துவிட்டதென்று முடிவு கட்டக்கூடாது. நீரின் ஆழமோ சூடோ மாறியதால் அங்கிருந்து நீங்கி, வேறிடத்தில் வாழ்ந்திருக்கலாம். ஆகவே பல ஊர்ப் பாறைகளை ஒப்புநோக்காமல் மண்டலத்தின் மேல் எல்லையைக் கீறமாட்டார்கள். நம் பெயரேடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அதன்பின் நம் லயங்களில் எத்தனையோ பெயர்கள் தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலிலிருந்து மறைந்தன. அந்தப் பக்கங்களை மட்டும் படிப்பவருக்கு ஒரு குடும்பம் அங்கே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அது நீலகிரியின் கூடலூரிலோ கோத்தகிரியிலோ அதே கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது. நம் வரலாற்றை ஊவாவில் மட்டும் வைத்து எழுதியவர்கள் பாதியைத்தான் எழுதினார்கள். நீலகிரியில் மட்டும் வைத்து எழுதியவர்களும் அப்படியே.

பதுளையில் இன்று ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கனிமவளம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாறைச் சீவலுக்கு எண்ணிட்டு, எந்த இடத்தில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. தோட்ட ஆபீசுகளின் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் செக்ரோல்களையும் அதே கவனத்தோடு படியெடுத்து, கடலுக்கு அப்பால் உள்ள தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டைகளோடு பெயர் பெயராக ஒப்பிடும் வேலை நம் முன் கிடக்கிறது. கறையான் அரிப்பதற்குள் அதை இந்தத் தலைமுறை தொடங்கவேண்டும்.