ஜெயித்தால் தேசம், தோற்றால் ஜாதியா?

2021-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 4-ந் தேதி, டோக்கியோ நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியப் பெண்கள் ஹாக்கி கோஷ்டியானது அர்ஜென்டினா கோஷ்டியிடம் 1-க்கு 2 என்ற கோல் கணக்கில் தோற்றுப் போயிற்று. அன்றைய தினமே ஹரித்துவார் ஜில்லா ரோஷ்னாபாத் கிராமத்தில், அக்கோஷ்டியில் விளையாடிய தோழர் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் மேல் ஜாதிக்காரர்கள் என்று சொல்லிக் கொள்ளுபவர்கள் சிலர் பட்டாசு கொளுத்திக் கூத்தாடினார்கள். கோஷ்டியில் தாழ்த்தப்பட்ட வகுப்பார் அதிகமாகச் சேர்ந்துவிட்டதால்தான் தோல்வி வந்தது என்றும், ஹாக்கியிலிருந்து மாத்திரமல்லாமல் எல்லா விளையாட்டிலிருந்தும் இவர்களை நீக்கிவிட வேண்டும் என்றும் அவர்கள் பேசியதாகக் குடும்பத்தார் போலீசில் புகார் கொடுக்க, வழக்கும் பதிவாயிற்று, கைதும் நடந்தது.

தோழர் வந்தனா 2025-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி சர்வதேசப் பந்தயங்களிலிருந்து விலகிக் கொண்டார். 320 ஆட்டங்களில் 158 கோல்கள் என்பது அவருடைய கணக்கு. அவர் விலகிய அன்று இந்தியப் பெண்களில் அத்தனை சர்வதேச ஹாக்கி ஆட்டங்கள் ஆடினவர் வேறொருவர் இருக்கவில்லை. இந்தக் கணக்கைச் சொல்லிப் புகழுகிறவர்கள் பட்டாசுச் சத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதற்காகவே நாம் இதை எழுதுகிறோம்.

இந்தப் பெண் யார்? 1992-ல் பிறந்தவர். தகப்பனார் நாஹர் சிங் ஹரித்துவாரில் உள்ள பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெண் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு, அடுப்பங்கரையில் இருக்கட்டும் என்று ஊரார் சொன்னதை அவர் காதில் போட்டுக் கொள்ளவில்லை. அவர் கேட்டிருந்தால் 158 கோலும் இல்லை. 17 வயதில் இந்தியக் கோஷ்டியில் இடம் பெற்ற வந்தனா, 2013-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் பெற்றபோது, இந்தியக் கோஷ்டியில் மற்றெல்லோரையும் விட அதிகக் கோல் போட்டவர். அப்படிப்பட்ட தகப்பனார் 2021 மே மாதத்தில் இறந்து போனார். கொரோனாக் காலமானதால் பெங்களூர் பயிற்சி முகாமை விட்டு வெளியேற முடியாமல், அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கூட மகளால் முடியவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்ததைக் கேளுங்கள். டோக்கியோவில் இந்தியப் பெண்கள் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் மூவரும் அடித்துத் தள்ளினார்கள். பிறகு அயர்லாந்தை ஜெயித்து, ஜூலை 31-ந் தேதி தென்னாப்பிரிக்காவை 4-க்கு 3 என்று ஜெயித்தார்கள். அந்த நான்கில் மூன்று கோல் வந்தனா போட்டது. ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவரே. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த ஆட்டத்தை ஜெயித்திருக்க முடியாது. 1980-க்குப் பிறகு 36 வருஷ காலம் ஒலிம்பிக் வாசலையே மிதிக்காமலிருந்து, 2016-ல் போய்க் கடைசி இடத்தில் நின்ற கோஷ்டி இது. கால் இறுதியில் ஆஸ்திரேலியாவையும் ஜெயித்தது. அங்கே எதிரியின் பந்தைத் தடுத்தது கோல் காத்த தோழர் சவிதா பூனியாவே ஒழிய, இங்கே வெற்றி வேண்டி யாகம் வளர்ப்பவர்களின் ஓமப்புகை அல்ல.

நிற்க, அந்த நாலைந்து நாட்களும் வந்தனா “தேசத்தின் புத்திரி.” தோல்வி வந்ததும் அதே பெண் “தாழ்ந்த ஜாதிக்காரி.” இது என்ன கணக்கு என்பது நமக்கு விளங்கவில்லை. மேல் ஜாதி வாலிபர்கள் நிறைந்த எத்தனையோ கோஷ்டிகள் எத்தனையோ ஆட்டங்களில் தோற்றிருக்கின்றனவே, அப்போது மேல் ஜாதியார் அதிகமாகிவிட்டார்கள், குறையுங்கள் என்று எவராவது கேட்டதுண்டா? அவர்கள் தோற்றால் அதிர்ஷ்டக் குறைவு. தாழ்த்தப்பட்டவர்கள் தோற்றால் பிறவிக் குறைவு! தகுதி, திறமை என்று ஓயாமல் பேசுகிறார்களே, ஹாக்கி மைதானத்தை விடத் தகுதியைச் சோதிக்கும் இடம் எது? அங்கே சிபார்சுக் கடிதம் செல்லாது. பந்து கோட்டைத் தாண்டினால் கோல், தாண்டாவிட்டால் இல்லை. அந்தச் சோதனையில் தேறின பிறகும் ஜாதியைத்தான் பேசுவார்கள் என்றால், இவர்கள் இதுகாறும் பேசிய தகுதி எது என்பது வெளியாகிவிட்டது. சொந்த தேசம் தோற்றதற்காகப் பட்டாசு வெடித்தவர்களுக்கு “தேச பக்தி” என்ற வார்த்தையை வாயில் வைக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை என்று சிலர் சொல்லுவார்கள். உத்தரகண்ட் சர்க்கார் 25 லட்சம் ரூபாய் அறிவித்தது. 2021-ல் அர்ஜுனா விருதும், 2022-ல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தன. நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைத்தவருக்குக் கொடுத்தது நியாயமே. ஆனால், பட்டம் பெறாத தாழ்த்தப்பட்ட வீட்டுப் பெண், மூன்று கோல் போடாத பெண், ஒரு கோலும் போடாமல் வெறுமனே விளையாட ஆசைப்படுகிற பெண், அவள் வாசலில் பட்டாசு வெடித்தால் எந்தப் பத்திரிகை எழுதும்? கோஷ்டியின் தலைவி தோழர் ராணி ராம்பால் இது வெட்கக்கேடு என்று பகிரங்கமாகக் கண்டித்தார். அவரும் ஏழை வண்டிக்காரர் வீட்டுப் பெண். மேல் ஜாதிப் பெரியார்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரமாவது வாயைத் திறந்தார்கள்?

அந்தப் பட்டாசு வெடித்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 6-ந் தேதி, வெண்கலத்துக்காகப் பிரிட்டனுடன் நடந்த ஆட்டத்தில் வந்தனா மைதானத்துக்கு வந்தார். வீட்டில் நடந்ததற்குப் பின் இறங்கிய அந்த ஆட்டத்திலும் ஒரு கோல் போட்டார். இந்தியா 3-க்கு 4 என்று தோற்று நான்காவது இடத்தில் நின்றது. அந்த ஒரு கோல் எந்த ஜாதியின் கோல் என்று ரோஷ்னாபாத் பட்டாசுக்காரர்களையே கேட்கிறோம்.