வாய்க்கால் அறியாதார் கையில் துருசு

குளத்துத் துருசை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். எவ்வாய்க்கால் எவ்வயலுக்குப் பாய்கிறது, எங்கே மறித்தால் எவர் பயிர் கருகும் என்பதை அறிந்தவரிடமே அப்பொறுப்பு விடப்படும். ஒருவன் வரம்பை வெட்டினான் என்பதற்காக ஊர் முழுவதற்கும் நீரை மறிப்பவரை எவரும் நீதிமான் எனப் போற்றார். இணையத்தை ஆள முற்படும் நமது ஆட்சியாளரோ இவ்வுண்மையை இன்னும் கற்றாரில்லை.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் ஏவப்பட்டபோது முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியன மறிக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் அவ்வாறே செய்யப்பட்டது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கிய வேளையில், மீண்டும் அதே ஆணை பிறந்தது. பயன் யாது? வேற்று நாட்டு வழியாகச் சுற்றிச் செல்லும் வீ.பி.என். என்னும் உபாயத்தால் அறிந்தவர் தடையைத் தாண்டினர். அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷ அவர்களே தாமும் அவ்வழியைக் கையாள்வதாகவும், இத்தகைய தடை பயனற்றது என்றும் பகிரங்கமாகக் கூறினார். அவ்வுபாயம் அறியாத முதியோர்க்கோ கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளின் குரல் அற்றுப்போயிற்று. தண்டனை யாருக்குக் கிடைத்தது?

இது தற்செயலன்று, இணையத்தின் அமைப்பே அத்தகையது. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டே இயங்குகின்றன. எந்தத் தளத்தை நாடுகிறோம் என்பதைச் சேவை வழங்குநர் அறியலாம். அங்கே எப்பக்கத்தைப் படிக்கிறோம் என்பதை அறியார். ஆகவே, ‘இந்த ஒரு பதிவை மட்டும் மறி’ என்று அவருக்கு ஆணையிட்டால், அவரால் முழுத் தளத்தையுமே மறிக்க முடியும். ஒரே எண் முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருப்பதும் உண்டு. அம்முகவரியை அடைத்தால் குற்றமற்ற அயலாரும் அடைபடுவர்.

பாகிஸ்தானின் அநுபவம் இதற்குச் சான்று. 2008 பெப்ரவரி 24ஆம் திகதி, அரசாங்கத்தின் ஆணைப்படி யூடியூப்பைத் தன் நாட்டினுள் மறிக்க முற்பட்டது பாகிஸ்தான் ரெலிகொம். ‘இம்முகவரிக்குச் செல்லும் வழி எம்மிடம் உண்டு’ என வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று அறிவித்து, அவ்வறிவிப்பை நம்பியே இணையத்தை இயக்குகின்றன. உள்நாட்டுக்கென இட்ட பொய் வழி ஹொங்கொங் நிறுவனமொன்றின் ஊடாக உலகெங்கும் பரவிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகப் பல நாடுகளில் யூடியூப் முடங்கியது. ஒரு நாட்டின் ஆணை உலகின் வாசலையே அடைத்தது!

இனத் துவேஷத்தைப் பரப்புவோரை விட்டுவிடுக என்று நாம் வாதாடவில்லை. 2018 வன்செயலில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது. நஞ்சு கலந்த பதிவை அது வீற்றிருக்கும் இடத்திலேயே தனித்து அகற்றலாம். எழுதியவனை நீதிமன்றில் நிறுத்தலாம். களையைப் பிடுங்க வேண்டிய இடம் வயலேயன்றி வாய்க்காலன்று.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108 வாக்குகளுக்கு எதிராக 62 வாக்குகள் விழ நிறைவேறியது. சனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு, இணைய வழிகளை மறிக்குமாறு பணிக்கும் அதிகாரத்தை அது வகுத்தது. அத்துணை அதிகாரத்தை ஐவர் கையில் ஒப்படைப்பது தகுமா?

நாம் கோருவன மூன்று. நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவ்வழியும் மறிக்கப்படலாகாது. மறிக்குமுன் வலையமைப்புப் பொறியியலாளரின் கருத்துக் கேட்கப்பட்டு, எவரெவர் பாதிக்கப்படுவர் என்பது எழுத்தில் பதியப்பட வேண்டும். ஒவ்வோர் ஆணையும் காரணத்தோடும் காலவரையறையோடும் மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும்.

சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாம். நீர் எத்திசையில் ஓடும் என்பதை அது இயற்ற முடியாது. வாய்க்காலை அறிந்தபின் துருசில் கை வைப்பார்களாக!