கடைசித் தண்ணீர் யாருக்கு?

மீனுக்கு வேண்டியது தண்ணீர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்பதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஏரிகளைப் பார்ப்போர்க்கு இக்கேள்வியின் அருமை விளங்கும்.

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. நீர் சூடேறச் சூடேற அது கரையும் அளவு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியிலோ ஏழரை மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் மீனின் உடலியக்கம் விரைவடைந்து, பிராணவாயுத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பத்தின் நிலைதான் கோடையில் மீனுக்கு!

குளிர்நீரையே நாடும் டிரௌட் மீனை எண்ணிப் பாருங்கள். அதனை நீலகிரியில் வளர்ப்பதற்காக எச். சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். மேலைநாடுகளில் இவ்வகை மீன்கள் வாழும் ஆழமான நீர்த்தேக்கங்களில், கோடையில் மேல்நீர் சூடாகிவிடும். அடிநீர் குளிர்ந்திருந்தாலும் காற்றோடு கலவாததால் அதில் பிராணவாயு குறைந்துவிடும். இடையிலுள்ள ஒடுங்கிய அடுக்கே மீனுக்குப் புகலிடம். எனவே தேக்கத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்பதோடு, மீன் தங்கத்தக்க நீர் எவ்வளவு என்பதையும் அறிஞர்கள் கணக்கிடுகின்றனர்.

நம் ஏரிகளில் டிரௌட் இல்லை. ஆயினும் அந்தக் கணக்கு நமக்கும் தேவை. நம் ஏரிகள் ஆழமற்றவை. கோடை வெயிலில் அடிவரை சூடேறுபவை. இரவில் பாசியும் பிராணவாயுவை உட்கொள்வதால் விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. விராலும் கெளுத்தியும் காற்றையும் சுவாசிக்க வல்லவை. எனவே சேற்றுநீரிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தச் சேற்றுநீரையும் நாம் விட்டுவைப்பதில்லை. நீர் வற்றியதும் ஊரே திரண்டு, வலையும் கூடையுமாக இறங்கி, குஞ்சு குறுமீன் வரை அள்ளிவிடுகிறோம்.

"அடுத்த ஆண்டு குஞ்சு வாங்கி விட்டால் போகிறது" என்பர் சிலர். கட்லா, ரோகு போன்றவை ஏரிநீரில் பொதுவாக இனம் பெருக்குவதில்லை. அவற்றைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் விரால், குறவை, கெளுத்தி, சிறு கெண்டை ஆகிய நாட்டு மீன்களின் விதை எங்கே? கோடையில் எஞ்சிய தாய்மீன்தான் விதை. விதைநெல்லைச் சமைத்து உண்ட உழவன் ஆடியில் எதை விதைப்பான்?

ஆகவே என் கருத்து இது: ஏரியின் கடைசித் தண்ணீர் மீனுக்கே உரியது. தூர் வாரும்போது கரையோரத்துத் தாழ்ந்த பகுதியில், இரண்டு ஆள் ஆழத்திற்கு ஒரு மடுவை வெட்டிவைக்க வேண்டும். அதன் ஓரத்தில் நிழல்தரும் நாட்டு மரங்கள் நிற்க வேண்டும். அம்மடுவில் கோடை முழுதும் வலை வீசுவதில்லை என்று கிராமசபை தீர்மானிக்க வேண்டும். 2017-இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்து போன்ற பணிகளில், வெட்டிய வண்டலின் அளவோடு மீனுக்கு விட்ட ஆழத்தையும் கணக்கில் எழுதினால் என்ன?

குத்தகைதாரர் நட்டப்படுவாரே என்ற கேள்வி நியாயமானது. அவர் விட்ட மீன்களை நீர் வற்றுமுன், பங்குனிக்குள் பிடித்துக்கொள்ளட்டும். மடுவில் தங்கும் விரால் புதுக் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. சற்று வளர்ந்த குஞ்சுகளாக வாங்கி விட்டால் அந்த இழப்பைக் குறைக்கலாம்.

புள்ளம்பாடி வாய்க்காலால் நீர் பெறும் கரைவெட்டி ஏரி, 1999-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. தொலைதூரத்துப் பறவைகள் வருவதைக் கண்டு பெருமை கொள்கிறோம். கொக்கும் நாரையும் தேடி வருவது மீனையன்றோ? மீனுக்கு இடமில்லாத ஏரியில் சரணாலயப் பலகை மட்டுமே மிஞ்சும்.

விலங்கியல் பயிலும் நண்பர்களே! ஒரு வெப்பமானியும், நம் ஆய்வுக்கூடத்தில் உள்ள பிராணவாயுச் சோதனைக் குப்பிகளும் போதும். இந்தக் கோடையில் விடியற்காலையில் உங்கள் ஊர் ஏரிக்குச் சென்று அளந்து பாருங்கள். அந்த எண்களை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். நாம் கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட இதைவிட எளிய வழி வேறில்லை.