உதைபந்து லீக்கில் ஏணி எங்கே?

சென்ற திங்கள் சங்க நூல்நிலையத்தில் அன்பர் ஒருவர் நம்மை வழிமறித்துக்கொண்டார். பதினாறு வயது நிரம்பிய அவருடைய மகன், பந்தாடியே பிழைக்கப் போவதாகப் பிடிவாதம் செய்கிறானாம். “இதை நம்பி ஒருவன் குடித்தனம் நடத்த முடியுமா? இந்த லீக் என்பதுதான் என்ன ஐயா?” என்று கேட்டார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற பெயர்களைக் காதில் வாங்காமல் கல்கத்தாவில் ஒரு நாளைக் கழிப்பது அரிது. ஆயினும் லீக் நடைபெறும் விதத்தைக் கோவையாகச் சொல்ல நமக்கும் அன்று நா எழவில்லை. கேட்டும் படித்தும் தெளிந்ததை இங்கே எழுதுகிறோம்.

கோப்பைப் பந்தயத்தில் ஒரு நாள் தோற்றவன் மூட்டை கட்டவேண்டியதுதான். லீக் அத்தகையதன்று. ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற ஒவ்வொன்றோடும் தன் ஊரில் ஒரு முறையும் எதிரியின் ஊரில் ஒரு முறையும் ஆடும். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. 2024-25 ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக்கில் 13 கோஷ்டிகள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்டங்கள். அவற்றில் 17 வென்று, 5 சமன் செய்து, 56 புள்ளிகளோடு மோகன் பகான் முதலிடம் பெற்றது. முதலிடத்திற்குக் கேடயம் உண்டு. ஆனால் அவ்வாண்டு கதை அதனோடு முடியவில்லை. முதல் ஆறு கோஷ்டிகள் தனியே மோதின; கோப்பைக்கென ஓர் இறுதியாட்டமும் நடந்தது. அவ்வாண்டு அதனையும் மோகன் பகானே பெங்களூரை 2-1 என வென்று எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் உழைத்து முதலிடம் பெற்றவன் ஒரே மாலையில் கோப்பையை இழக்கக்கூடும் என்பது நமக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. தொலைக்காட்சியாருக்கு உவப்பாக இருக்கலாம்.

நாடு முழுவதற்குமான லீக் நமக்குப் பழமையானதன்று. கல்கத்தா லீக் 1898-லேயே தொடங்கிவிட்டது. தேசிய லீக்கோ 1996-இல்தான் பிறந்தது. அதன் முதல் வெற்றியாளர் பஞ்சாபின் பக்வாரா ஊரைச் சேர்ந்த ஜே.சி.டி. மில் கோஷ்டி. 2007-இல் அது ஐ-லீக் எனப் பெயர் மாறியது. பிறகு 2014-இல் பணபலத்தோடும் நடிகர், கிரிக்கெட் வீரர் ஆகியோரின் ஆதரவோடும் இந்தியன் சூப்பர் லீக் எட்டுக் கோஷ்டிகளுடன் எழுந்தது. அப்போது அதில் இடம் பெறுவதற்கு ஆட்டத்தில் வெல்லவேண்டியிருக்கவில்லை. உரிமைக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது.

அன்பரின் கேள்விக்கு விடை இவ்விடத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் கீழ்வகுப்பில் வென்றவர் மேல்வகுப்புக்கு ஏறுவர்; மேல்வகுப்பில் கடைசியில் நின்றவர் இறங்குவர். சிற்றூர்க் கிளப் ஒன்று நல்ல ஆட்டத்தையே முதலாகக் கொண்டு உச்சிக்குச் செல்லலாம். நம் நாட்டில் ஐ-லீக்கிலிருந்து சூப்பர் லீக்குக்கு அந்த ஏணி வெகுகாலம் சார்த்தப்படவே இல்லை. 2018-19 ஐ-லீக்கை நினைவுகூர்வோம். கோயம்புத்தூரைத் தாய்மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி 43 புள்ளிகளோடு பட்டம் வென்றது. ஒரே புள்ளி குறைவாக, 42-இல் நின்றது ஈஸ்ட் பெங்கால். கடைசி நாள்வரை எவர் வெல்வார் என்பது தெரியவில்லை. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் பட்டம் பெற்றது அதுவே முதல்முறை. பின்னர் நிகழ்ந்தது யாது? இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால், முதலீட்டாளர் துணையோடு 2020-இல் சூப்பர் லீக்கில் புகுந்தது. முதலிடம் பெற்ற சென்னை சிட்டி மேலே ஏறவில்லை. 2021-22 ஐ-லீக்கில் அதன் பெயரே இல்லை.

ஈஸ்ட் பெங்காலை நாம் குறை கூறவில்லை. நூறாண்டுக் கிளப், அதன் ரசிகர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், மேல் லீக்கில் இருக்கத் தகுதியுடையதுதான். வென்றவனுக்கு வழி இல்லாமற் போனதே நம் மனத்தை உறுத்துகிறது.

2022-23 முதல் ஏணி பாதியளவு சார்த்தப்பட்டது. அவ்வாண்டு ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் கோஷ்டி மேலேறியது. அடுத்த ஆண்டு நம் ஊர் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. ஆனால் 2024-25 முடியும்வரை எவரும் கீழே இறக்கப்படவில்லை. ஏறுவோர் உண்டு, இறங்குவோர் இல்லை என்றால் மாடி எத்தனை பேரைத் தாங்கும்?

ஆட்டக்காரர் நிலைக்கு வருவோம். தொடக்கத்தில் களத்திலுள்ள பதினொருவரில் ஆறு வெளிநாட்டார்வரை ஆடலாம் என்றிருந்தது. 2017-இல் அது ஐந்தாகவும், 2021-இல் நான்காகவும் குறைந்தது. இன்று களத்தில் ஏழு இடங்களேனும் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. முன்பு சென்னை சிட்டிக்கு ஆடிய நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் மீது அடித்த ஒரே கோல் அன்றைய ஆட்டத்தை முடித்தது. நாலரை ஆண்டுகளுக்குப்பின் ஈஸ்ட் பெங்கால் பெற்ற அந்த வெற்றிக்கு, மறுநாள் மீன் கடைக்காரர் நம்மிடம் நன்றி சொன்னார், நாமே கோல் அடித்ததுபோல!

மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் வணிக உரிமைகளை 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்திருந்தது. அக்கெடு 2025 டிசம்பரில் முடிய இருந்தபோது புதிய ஒப்பந்தம் உருவாகவில்லை. ஆகவே 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் ஆட்டக்காரரின் சம்பளத்தையே நிறுத்தின. புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒருவரும் முன்வரவில்லை. 2026 பிப்ரவரியில்தான், 14 கோஷ்டிகள் ஒருவரோடொருவர் ஒரே முறை மோதும் சுருங்கிய லீக்காக, பந்து மீண்டும் உருண்டது. மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருந்த எத்தனையோ குடும்பங்கள் அந்த மாதங்களை எப்படிக் கடத்தினவோ!

அன்பரிடம் இவ்வளவையும் சொன்னோம். பள்ளியிறுதியை முடிக்கட்டும், அதுவரை மாலையில் இங்குள்ள சிறு கிளப் ஒன்றில் ஆடட்டும், கையொப்பம் இடும் நாள் வந்தால், தாளை வழக்கறிஞர் ஒருவர் படித்த பின்பே இடட்டும் என்றோம். அவர் முகம் தெளியவில்லை. “பயல் சரி என்பானோ என்னவோ” என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார். கல்கத்தா லீக்கின் வகுப்புகளைப் பற்றியும், அவற்றில் சேரும் முறையைப் பற்றியும் அடுத்த இதழில் எழுதுவோம்.