தறிக்கூலியில் ஏறாத நாட்கள்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவில் கூலி சேலைக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. நாள் கணக்கோ மணிக் கணக்கோ கிடையாது. சொசைட்டித் தறியானாலும், காந்தி ரோட்டுக் கடைக்கு ஓடும் கூலித்தறியானாலும், சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகே பணம். கரையின் அகலம், முந்தியின் வேலைப்பாடு, ஜரிகையின் அளவு, கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வையா ஒற்றைக் கரையா என்பதைப் பார்த்துக் கூலி கூடும், குறையும். நாடா ஓடும் நேரத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. நாடா ஓடாத நேரத்தை அது பார்ப்பதே இல்லை. நெசவாளர் வருமானம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறிவிடுகிறது.

தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைத் தொகுதிதான் பாவு; ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலை இறங்கும். தறியில் முதல் இழை விழுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சாயமேறிய பட்டு கைக்கு வர வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். பொழுது விடியும் முன் அதைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தெளித்து, இழை ஒன்றோடொன்று ஒட்டாதபடி நீவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். பிறகு பழைய பாவின் முனையோடு புதுப் பாவைப் பிணைக்கும் வேலை. பல ஆயிரம் இழைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஓர் இழை விட்டுப்போனால் சேலை முழுக்க அந்தக் கோடு தெரியும். பிள்ளையார்பாளையத்தில் இந்த வேலைக்கென்றே கைதேர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான கூலி பெரும்பாலும் நெசவாளர் கையிலிருந்துதான் போகிறது. வீட்டு முதியவர் ராட்டையில் தார் சுற்றுவதற்கு யாரும் விலை வைத்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஊறும், தறி நிற்கும். அந்த நாட்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

எண்ணில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். எடுத்துக்காட்டுக்காக, கோர்வைச் சேலை ஒன்றுக்குக் கூலி 6,000 ரூபாய் என்றும், அதை நெய்ய 12 நாள் ஆகிறது என்றும் கொள்ளலாம். மூன்று சேலைக்கு 18,000 ரூபாய்; நெய்த நாட்கள் 36. நாளொன்றுக்கு 500 ரூபாய் வருகிறது. கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் சொல்லப்படுவது இந்த 500தான். பாவு ஏற்றவும் பட்டுக்கும் ஜரிகைக்கும் காத்திருக்கவும் 12 நாள் போகிறது என்று சேர்த்தால் மொத்தம் 48 நாள், நாளொன்றுக்கு 375 ரூபாய். கோர்வைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். அவருடைய 36 நாளையும் கூட்டினால் 84 ஆள்நாட்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 214 ரூபாய். சேலையும் கூலியும் மாறவில்லை. எந்த நாட்களைக் கணக்கில் எடுத்தோம் என்பதுதான் மாறியது. ஒவ்வொரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் தன் தறிகளின் உண்மை நாட்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாவது ஆளைப் பற்றித் தனியாகப் பேசியாக வேண்டும். கோர்வையில் மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. நெசவாளர் உடல் நாடாவையும் ஒரு கரை நாடாவையும் பார்த்துக்கொள்வார். மறுகரையில் உட்கார்ந்திருப்பவர் மூன்றாவது நாடாவை வாங்கி, உடல் இழையும் கரை இழையும் சந்திக்கும் இடத்தில் கோத்துத் திருப்பிவிடுவார். ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கு இழைக்கும், இப்படியே. கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நிறுத்தி, இழுத்தாலும் பிரியாதபடி பிடித்திருப்பது இந்தக் கோப்புதான். காஞ்சிபுரம் சேலையின் பெயரே அதில்தான் நிற்கிறது.

மறுகரையில் பல தலைமுறைகளாக உட்கார்ந்திருந்தது குழந்தைகள். வீட்டுப் பிள்ளை இல்லையென்றால், முன்பணம் கொடுத்து அழைத்து வரப்பட்ட இன்னொரு வீட்டுப் பிள்ளை. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்த பிறகும் இது நெடுநாள் நீடித்தது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட பட்டுத் தொழிலில் குழந்தை உழைப்பு குறித்த அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பிறகு பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். இந்த ஊர் தன்னைப் பற்றிப் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க மாற்றம் அது. ஆனால் பிள்ளை எழுந்து போன இடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பதையும், அவருக்குப் பெரியவருக்கான கூலி வேண்டும் என்பதையும் சேலைக் கூலி ஏற்றுக்கொள்ளவில்லை. குழந்தை உழைப்பை வைத்துப் போட்ட விகிதத்தின் மேலேயே சிறு சிறு உயர்வுகள் அடுக்கப்பட்டன. அந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் மனைவி உட்காருகிறார். கூலி ஒரே பெயரில் வருகிறது. கோர்வைத் தறி குறைந்து, ஒரே ஆள் நெய்யக்கூடிய சேலைகள் பெருகியதற்கு ரசனை மாறியதைக் காரணம் சொல்வார்கள். கூலிக் கணக்கு அதைவிடப் பெரிய காரணம். பெட்னியும் அப்படியே. முந்திக்கு வேறு நிறப் பாவை உடல் பாவோடு இழைக்கு இழை சேர்க்கும் அந்த வேலைக்கு ஆகும் நேரத்தைத் தனியாக எடைபோடாத இடத்தில் யாரும் அதை விரும்பி எடுப்பதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நெசவாளர்கள் தறியைவிட்டு ஒரேயடியாக எழுந்துவிடவில்லை. அதற்குக் காரணம் வெறும் பழக்கம் அல்ல. வேலை வீட்டுக்குள் இருக்கிறது. மேலாளர் இல்லை, விசில் இல்லை. அலுத்தால் எழுந்து தெருவில் நிற்கலாம்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தறியை நிறுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்து முடித்தது முழுதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. சேலையை அறுத்து, மடிப்பு விரித்து, வெளிச்சத்தில் கரையைப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் நெசவாளர் முகத்தைப் பார்த்தவர்கள், இது கூலிக்கு மட்டும் செய்யும் வேலை அல்ல என்பதை அறிவார்கள். மயில்கண்ணும் ருத்ராட்சமும் யாளியும் எத்தனை இழையில் வரும் என்பது கைக்கே தெரிந்திருக்கும். அந்த நிறைவு உண்மையானது. அதை மறுத்துவிட்டு, வெறும் வறுமைக் கதையாக நெசவைச் சொல்வது நெசவாளருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் அந்த நிறைவையே கூலியின் ஒரு பகுதியாக எண்ணும் வழக்கம் வந்துவிட்டது. ‘கலை’, ‘பாரம்பரியம்’ என்ற சொற்கள் கூலிப் பேச்சின்போதுதான் அதிகம் கேட்கின்றன. தறியிலிருப்பவருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வீடுகள் நெசவுத் தெருவிலேயே இருக்கின்றன. விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையில் நிற்கும் இளைஞர்களில் பலர் நெசவு வீட்டுப் பிள்ளைகள். அங்கே பலருக்கு வேலை நிரந்தரமில்லை, நின்றுகொண்டே செய்யும் வேலை, இரவு ஷிப்டு உண்டு. ஆனாலும் மாதம் பிறந்தால் தொகை இவ்வளவு என்று தெரியும்; பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். நெசவில் நிறைவு இருக்கிறது, நிச்சயம் இல்லை. இருபது வயதில் குடும்பம் நடத்த எண்ணுபவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் வியப்பில்லை.

இதே சிக்கல் வேறொரு தொழிலில் எப்படித் தீர்ந்தது என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவில் சிறு நகரங்களை இணைக்கும் பிராந்திய விமான நிறுவனங்களின் விமானிகளும் பறக்கும் மணிக்கே பெரும்பாலும் ஊதியம் பெறுகிறார்கள். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் அதில் வராது. பறப்பதில் உள்ள ஆசையும், பெரிய நிறுவனத்துக்குப் போகும் படி இது என்ற எண்ணமும் குறைந்த ஊதியத்தைப் பொறுக்க வைத்தன. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். விசாரணையில் விமானிகளின் சோர்வும், துணை விமானி இரவெல்லாம் நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் செய்து பணிக்கு வந்ததும், அவருடைய குறைந்த சம்பளமும் வெளியே வந்தன. 2010-இல் இதற்கென விமானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும், சில விலக்குகள் நீங்கலாக, 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமானது. ஆள் பற்றாக்குறை முற்றியபோது, 2022-இல் பல பிராந்திய நிறுவனங்கள் ஊதியத்தை ஒரே தாவலில் பெருமளவு உயர்த்தின.

காஞ்சிபுரத்திலும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. கோர்வை தெரிந்த கை அரிதாகிவிட்டது. அப்படியிருந்தும் கூலி தாவவில்லை. உரிமம் இல்லாதவர் விமானத்தை ஓட்ட முடியாது. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டென்று விற்க முடிகிறது. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. சேலை இன்னும் பட்டியலில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005–06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வாங்குபவர் கடையில் முதலில் பார்ப்பது சில்க் மார்க்கை. அது பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். கையால் நெய்ததா என்று சொல்லாது. அதைச் சொல்லும் ஹேண்ட்லூம் மார்க் 2006-இலேயே வந்தது. அதைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் குறைவு. போலிக்கு நடைமுறையில் தடை இல்லாதவரை, நெசவாளர் அரிதாவதால் அவர் கூலி ஏறாது. அவர் நெய்த சேலையின் பெயர் மட்டும் வேறு யாருக்கோ உழைக்கும்.

கூட்டுறவுச் சங்கங்கள் இந்தக் கணக்கில் நல்ல பக்கத்தில் நிற்கின்றன. சங்கக் கூலி வெளிப்படையானது. போனஸ் உண்டு. சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் நெசவாளர் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா செலுத்த, அரசு 4 பைசா சேர்க்கிறது. நெசவு வீட்டுக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. இவை சிறியவை அல்ல. ஆனால் சங்கத்தில் சேலை தேங்கினால் அடுத்த பாவு தாமதமாகும். வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும், பாவு மேலும் தள்ளிப்போகும். 2025-இல் வெள்ளி ஏறிய வேகத்தில் இது வெறும் பேச்சாக இல்லை. பாவு வராத வாரங்களில் சங்க உறுப்பினரே தனியார் கூலிக்கு நெய்யப் போகிறார். அங்கே முன்பணம் காத்திருக்கிறது. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் அவசரத்தில் கைகொடுப்பது அந்தப் பணம்தான். பிறகு இன்னொருவருக்கு நெய்யப் போகவிடாமல் கட்டிப்போடுவதும் அதுவே. வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். இப்படிக் கைமாறும் கடனில் நெசவாளருக்குக் கூலியைப் பேசும் வாய் அடைபட்டுப் போகிறது.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019–20) நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. மூன்றாவது கணக்கெடுப்பில் அது 43.31 லட்சம். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றது நான்காவது கணக்கெடுப்பு. அசாம் போன்ற மாநிலங்களில் வீட்டுத் தேவைக்கும் பகுதி நேரமாகவும் நெய்பவர்கள் மிகுதி என்பதால், இந்த எண்ணை அப்படியே காஞ்சிபுரத்தின்மேல் ஏற்றுவது தவறு. காஞ்சிபுரத்துக்குத் தேவைப்படுவது தறிவாரியான தன் கணக்கு.

அந்தக் கணக்குக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. துண்டுக்கூலி வாங்குபவருக்கும் நேர அடிப்படையில் குறைந்தபட்சக் கூலி உறுதியாக வேண்டும் என்பதற்கு 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே வழி வைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த வழி தொடர்கிறது. வீட்டுத்தறியில் யார் முதலாளி, வேலை நேரம் எது என்ற கேள்விகளில்தான் அது சிக்கி நிற்கிறது. அதற்கு விடை தேட நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. ஒவ்வொரு பாவுக்கும் ஓர் அட்டை போதும். பட்டு கைக்கு வந்த தேதி, பாவு ஏறிய தேதி, பிணைப்புக்குக் கொடுத்த கூலி, ஜரிகைக்குக் காத்திருந்த நாட்கள், மூன்று சேலையும் அறுத்த தேதிகள், மறுகரையில் உட்கார்ந்தவர் பெயர். ஓர் ஆண்டு அட்டைகளைச் சேர்த்தால் விகிதம் பேச நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கும். அட்டையின் கடைசியில் வரும் அந்தப் பெயருக்கு உரியவர் இன்று பெரும்பாலான சங்கப் பதிவேடுகளில் உறுப்பினராக இல்லை. கூலி விகிதம் திருத்தப்படும் வரை காத்திராமல், அடுத்த பொதுக்குழுவிலேயே அவரைச் சேர்த்துவிடலாம்.